மதர் புதைத்த கன்று

மதரின் கை கன்றுக்குட்டியின் வயிற்றுக்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. வெளியே எடுத்தபோது விரல்களில் வைக்கோல். நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருஷம் ஆகியும் மதரின் அந்த முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வெள்ளைக்காரர்களின் முகம் வெயிலில் சிவக்கும், கோபத்தில் சிவக்கும், அதெல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல் போய்ப் பார்த்ததில்லை.

முதலிலிருந்து சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாந்தோமில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில், கன்னியாஸ்திரீகள் நடத்தி வந்த அநாதைக் குழந்தைகள் விடுதியில் டீச்சர் வேலை. வீடு சிந்தாதிரிப்பேட்டையில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வருவேன். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை என்று சேர்த்தார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பேன் பார்ப்பதிலிருந்து கஞ்சி காய்ச்சுவது வரை எல்லாமே டீச்சர் வேலைதான் என்று. எனக்கு வாய் நீளம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தாள். அந்த வாய்க்கு இங்கிலீஷும் வரும் என்பதால், புதிதாக வந்த மதர் என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் வராது. அவர் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும், ஊர் பேசுவதை அவருக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

மதர் அந்த வருஷக் கோடையில்தான் கப்பலிலிருந்து இறங்கினார். ஐரோப்பாவில் ஏதோ மலைநாடு. வந்த ஒரு வாரத்துக்குள் சென்னை வெயில் அவரைச் சுருட்டிப் படுக்கப் போட்டுவிட்டது. ஆடிக் காற்று அடித்த பிறகுதான் எழுந்து மாடி வராந்தாவில் நடமாடினார். கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவரைத் திட்டப்போகிறேன். ரொட்டியில் எறும்பு மொய்த்தால் உதறமாட்டார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவை இறங்கும் வரை காத்திருப்பார். ஓணானைக் கல்லால் அடித்த பையன்களைக் கூப்பிட்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஓணான் எங்கே நின்று கேட்கப் போகிறது. பையன்கள் வேலி ஓரமாக நின்று காலி வேலியிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

எல்லாம் அவர்கள் சபையின் அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், காட்டிய வழி. அசிசி ஊர்க்காரர், ஆண்டவரின் ஐந்து காயத்தையும் தன் உடம்பில் வாங்கியவர் என்று நம் பக்கத்தில் ஐந்து காயத்தார் என்று சொல்கிறோமே, அவர்தான். பறவைகளைக் கூட்டிவைத்துப் பிரசங்கம் செய்தவர், ஊரை நடுங்கவைத்த ஓநாயிடம் போய்ச் சமாதானம் பேசியவர், சூரியனை அண்ணன் என்றும் தண்ணீரைத் தங்கை என்றும் கூப்பிட்டவர். அந்த வருஷம் அவர் மரித்து எழுநூறு வருஷம் ஆகிறதென்று உலகம் முழுக்கக் கொண்டாட்டம். நம் விடுதியிலும் திருநாளைப் பெரிதாகச் செய்ய வேண்டும், சுற்றுப்பட்டுப் பிராணிகளையெல்லாம் வரவழைத்துத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வேண்டும் என்று மதர் தீர்மானம் செய்துவிட்டார்.

இனி குட்டி. அதுதான் இந்தக் கதைக்கு உயிர். ஆவணி மாதம் ஒரு விடியற்காலை கேட் பக்கத்தில் பழைய புடவைத் துண்டில் கிடந்தது. பெண் குழந்தை, எலிக்குஞ்சு மாதிரி. ஞானஸ்நானத்தில் பேர் வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிட்டோம். டின் பால் கொடுத்தால் வாந்தி. எருமைப் பால் கொடுத்தால் பேதி. மயிலாப்பூரிலிருந்து வரும் வயதான டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரே மாட்டுப் பாலாப் பார்த்துக் குடுங்கோ. மாத்தி மாத்திக் குடுத்தேள்னா தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னபடியே எங்கள் பால்காரரின் பசுவிலிருந்து தனியாக ஒரு ஆழாக்குக் கறந்து, கொதிக்கவைத்து, பஞ்சுத் திரியில் நனைத்து நனைத்துக் கொடுத்தேன். நின்றுவிட்டது வாந்தி. மெல்ல மெல்லக் கன்னத்தில் சதை பிடித்தது. நான் கல்யாணம் ஆகாதவள். பிள்ளை வளர்க்கிற பைத்தியம் இப்படித்தான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரியில் அது இருமினால் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

பால்காரருக்கு மந்தைவெளியில் கொட்டகை. ஒரு பசு, ஒரு எருமை. அந்தக் காலத்தில் சென்னையில் பாலை வீட்டு வாசலில், கண் எதிரே கறந்துதான் வாங்குவோம். கறந்து கொண்டுவந்த பால் என்றால் அதில் மயிலாப்பூர்க் குளமே கலந்திருக்கும். ஆகவே காலையில் தெருவுக்குத் தெரு மாடு வரும், மாட்டின் பின்னால் பால்காரர் வருவார். கன்று செத்துப்போன மாடாக இருந்தால் அவர் தோளில் வைக்கோல் கன்றும் வரும். செத்த கன்றின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, குச்சியால் நாலு கால் வைத்தது. அதை மாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்தினால் மாடு தன் பிள்ளை என்று நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும். வைக்கவில்லையோ, சொட்டு விடாமல் அடக்கிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. தபால்காரரையும் தெருவிளக்கையும் பார்க்கிற மாதிரி அதையும் பார்ப்போம். அதில் ஏதாவது இருக்கிறது என்று நானும் நினைத்ததில்லை, நான் அறிந்தவர்கள் யாரும் நினைத்ததில்லை.

மதர் வேறு மாதிரி பார்த்திருக்கிறார். அது எனக்குத் திருநாள் அன்று காலையில், ஊர் முழுக்க முன்னால் நின்ற பிறகு தெரிந்தது.

பூசை முடிந்து எல்லோரும் முற்றத்துப் பாதாம் மரத்தடியில் கூடியிருந்தோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிளிக்கூண்டும் கோழிக்குஞ்சும் கொண்டுவந்திருந்தார்கள். தோட்டக்காரரின் ஆடு ஒன்று. குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் கூடை நிறைய உயிர் நண்டோடு வந்து, விற்கப் போகிற வழியில் பங்குச் சாமியார் கையால் தீர்த்தம் பட்டால் வியாபாரம் ஓடும் என்று முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். சாமியார் அதற்கும் தெளித்தார். மந்திரித்த நண்டு மத்தியானத்துக்குள் யார் வீட்டுக் குழம்பில் கொதித்ததோ, அது அந்த அம்மாளுக்குத்தான் வெளிச்சம். பால்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பசுவுக்குக் கொம்பில் மஞ்சள், கழுத்தில் சாமந்தி. வைக்கோல் கன்றுக்கும் ஒரு முழம் மல்லிகை சுற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

மதர் பேச எழுந்தார். நான் பக்கத்தில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொன்னேன். அர்ச்சியசிஷ்டவரைப் பற்றி, பறவைகளைப் பற்றி எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு அவர் பால்காரரைக் கைகாட்டினார். தினமும் விடியற்காலையில் மாடியிலிருந்து இந்த மனிதரைப் பார்க்கிறேன், நடக்க முடியாத நொண்டிக் கன்று ஒன்றை இவர் வீதி வீதியாகத் தோளில் சுமக்கிறார், கன்றைத் தாயின் முகத்துக்கு எதிரே நிறுத்தி அது நக்கிக் கொஞ்சி முடிக்கும் வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், எழுநூறு வருஷத்துக்குப் பிறகும் நம் அர்ச்சியசிஷ்டவர் சாந்தோம் வீதியில் நடக்கிறார் என்று சொல்லிவிட்டு, கண் கலங்கி என்னைப் பார்த்தார். தமிழில் சொல் என்று அர்த்தம்.

வைக்கோல் கன்றை மதர் உயிர்க் கன்று என்று நினைத்திருக்கிறார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர் என்று தெரியும். இந்த அளவுக்கு என்று தெரியாது. கிட்டப்பார்வை, மாடி உயரம், அரையிருட்டு, எல்லாம் சேர்ந்து இப்படி ஆகிவிட்டது. என்ன சொல்வது. "பால்காரர் நல்லவர்னு மதர் சொல்றாங்க" என்றேன். அத்தனை நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று கூட்டம் சிரித்தது. இங்கிலீஷ் தெரிந்த பெரிய வகுப்புப் பிள்ளைகள் வேறு காரணத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதர் அதைச் சந்தோஷச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, நான் தடுப்பதற்குள் படியிறங்கிப் போய்க் கன்றைத் தடவினார். தையல் பிரிந்த இடத்தில் கை இறங்கிவிட்டது.

சிரிப்பு நின்றது. மதர் அதன் முகத்தைத் தூக்கிப் பார்த்தார். கண் இருந்த இடத்தில் கறுப்புத் துணி உருண்டை வைத்துத் தைத்திருந்தது. இது என்ன என்று என்னைக் கேட்டார். சொன்னேன். வேறு வழி. அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தத் தாய்க்குத் தெரியுமா என்றார். தெரியாது, தெரிந்தால் பால் கொடுக்காது என்றேன். அப்போதுதான் அந்த முகத்திலிருந்து ரத்தம் முழுக்க இறங்கியது.

பிறகு அவர் செய்த காரியம் எங்களைத் திகைக்கவைத்தது. கன்றைப் பால்காரரின் கையிலிருந்து வாங்கி, கைக்குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு, நேரே தோட்டத்துக்குப் போனார். முருங்கை மரத்துப் பக்கத்தில் குழி வெட்டச் சொன்னார். மல்லிகைச் சரத்தோடு உள்ளே இறக்கினார். ஜெபம் சொன்னார். மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினார். பால்காரர் பேந்தப் பேந்த விழித்தபடி கைகூப்பி நின்றார். கூட்டம் கலைந்த பிறகு மதர் என்னிடம் சொன்னார், இனி அந்த மனிதனுடைய பால் இந்த வாசலுக்குள் வரக்கூடாது.

குட்டிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். வேறு பால் கிடைக்கும், கர்த்தர் கொடுப்பார் என்றார்.

கர்த்தர் கொடுத்தது இன்னொரு பால்காரர். அவருடைய பால் நீலம் பாரித்திருந்தது. பெரிய பிள்ளைகள் குடித்தார்கள், குட்டிக்கு அன்றைக்கே பேதி பிடித்தது. மறுநாள் ஆட்டுப் பால். அதற்கு மறுநாள் பார்லித் தண்ணீர். குப்பத்தில் பால் கொடுக்கிற பெண் ஒருத்தியைக் கெஞ்சிக் கேட்டோம். தன் பிள்ளைக்கே போதவில்லை என்று அழுதாள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், மதரும் சும்மா இருக்கவில்லை. கைவண்டி ரிக்‌ஷாவில் ஏறி லஸ், ராயப்பேட்டை என்று அலைந்து, உயிர்க் கன்றோடு இருக்கிற பசு எங்கே என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். கன்று உயிரோடு இருக்கிற வீட்டில் பால் வெளியே விலைக்கு வராது, வந்த இடத்தில் கன்று உயிரோடு இல்லை. ராத்திரி வந்து குட்டியின் தொட்டில் பக்கத்தில் முழங்காலில் நிற்பார். எனக்கு அந்த முழங்காலைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது. செத்த கன்றுக்கு அடக்கம் செய்யத் தெரிந்தது, உயிரோடிருக்கிற பிள்ளைக்கு ஆழாக்குப் பால் வாங்கத் தெரியவில்லை. அதைக் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் அவரிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன், போகவில்லை.

நாலைந்து நாளில் குட்டி அழுவதை நிறுத்தியது. அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைதான் பயம். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் போனதும் நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மதரிடம் கேட்கவில்லை. திருட்டுத்தனமாகவாவது அந்தப் பசுவின் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவது என்று முடிவு.

மழை அந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. கச்சேரி ரோடு முழுக்கச் சேறு. மந்தைவெளியில் கொட்டகையைத் தேட வேண்டியிருக்கவில்லை. மாடு கத்துகிற சத்தம் தெருமுனைக்கே கேட்டது. சாதாரணக் கத்தல் இல்லை. தொண்டை கட்டிப்போய், நிறுத்தாமல், ஒரே மாதிரி கத்திக்கொண்டிருந்தது. உள்ளே போனேன். பசுவின் மடி பாறையாக வீங்கிச் சிவந்திருந்தது. பால்காரர் உட்கார்ந்து தொட்டாலே உதைத்தது. அவர் முழங்காலில் துணிக்கட்டு. பக்கத்தில் கோணியில் வைக்கோலை அடைத்துக் கட்டிய ஒரு மூட்டை, அதற்குக் கயிற்றால் வால். மாடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணுக்குட்டி இல்லாம ஒரு சொட்டு வுட மாட்டேங்குது டீச்சரம்மா. மடி கல்லாட்டம் கீது. இப்டியே போச்சின்னா மாடே போயிடும்" என்றார்.

பாலை மதர் வேண்டாம் என்றுவிட்டார், பால் இங்கே இருக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று நினைத்து வந்தவள் நான். பாலே இல்லை. குழியில் இறங்கியது வெறும் தோல் என்று நினைத்திருந்தோம். குட்டியின் பாலும் இந்த மாட்டின் உயிரும் அதோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. அப்படியானால் ஏன் ஐயா வந்து கேட்கவில்லை, அன்றைக்கே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பூ வைத்து, தீர்த்தம் தெளித்து, மந்திரம் சொல்லி, பெரிய அம்மா தன் கையாலேயே மண் தள்ளினார்கள். அவர்கள் சாமிக்கு எங்கள் கன்றைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன் என்றார்.

"சாமிக்குக் குடுத்தத திரும்பக் கேக்க முடியுமா? நீ சொல்லு."

தலையில் அடித்துக்கொண்டேன். இவர் சாமிக்குப் பயந்தார், அவர் சாமிக்காகச் செய்தார், நடுவில் ஒரு பச்சைப் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது. மாட்டை அவிழும் என்றேன். அந்தக் குரலில் நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் மறுபேச்சில்லாமல் அவிழ்த்தார். கத்துகிற மாட்டை இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில், தூறலில், கச்சேரி ரோடு வழியாக நடந்தோம். கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

விடுதிக்குள் நுழைந்ததும் மாடு என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டது. எங்கள் யாருக்கும் முன்னால் முருங்கை மரத்தடிக்குப் போய், மண்ணை முகர்ந்து, கத்தலை நிறுத்திவிட்டு நின்றது. நான் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். கண்ணால் பார்த்தவள் நான்.

தோட்டக்காரரின் மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. பால்காரர் அதைத் தொடப் பயந்தார். புதைத்ததைத் தோண்டினால் பாவம் வந்து சேரும் என்றார். வருகிற பாவம் எனக்கு வரட்டும் என்று நானே எடுத்து வெட்ட ஆரம்பித்தேன். நனைந்த மண், ஆழமில்லாத குழி. முதலில் அழுகிய மல்லிகை வந்தது. அடுத்து ஒரு காது. அப்போதுதான் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்து திரும்பினேன். மதர். மழையில் முக்காடு நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது.

என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாட்டின் மடியைப் பார்த்தார். குழியிலிருந்து தெரிந்த காதைப் பார்த்தார். அந்தக் காதை மாடு நக்க ஆரம்பித்திருந்தது, நக்கும்போதே காம்பிலிருந்து பால் தானாக மண்ணில் சொட்டியது. மதர் அதைப் பார்த்தார். பிறகு சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து கையால் மண்ணை விலக்கினார்.

கன்றை வெளியே எடுத்தோம். உள்ளே வைக்கோல் ஊறி நாறியது, ஒரு கால் கழன்று குழியிலேயே நின்றுவிட்டது. தானாக நிற்க வைக்க முடியாது. பால்காரர் சமையலறையிலிருந்து கைப்பிடி உப்பு கேட்டார். வாங்கிவந்து கொடுத்தேன், மாடு நக்குவதற்காகத் தோலின்மேல் தடவினார். இனி யாராவது மாட்டின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும். நான் கை நீட்டினேன். மதர் என் கையை விலக்கிவிட்டு அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். வெள்ளை உடுப்பு முழுக்கச் சேறு. மாடு அவர் மடியிலிருந்த தோலை நக்கியது. நாக்கு சில சமயம் அவர் கையிலும் பட்டது. பால்காரர் குந்தி உட்கார்ந்து, வீங்கின மடியை மெல்ல நீவினார். முதலில் வந்ததைக் கீழே விட்டார். கட்டி கட்டியாக விழுந்து, நின்று, பிறகு சுத்தமாகச் சொம்பில் விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் வெட்கமில்லாமல் அழுதேன். குட்டி பிழைத்துவிடும் என்று அப்போதுதான் நினைக்கத் துணிந்தேன்.

சொம்பு பாதி நிறைந்திருக்கும். மதர் தலையைத் தூக்காமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கன்று எப்படிச் செத்தது, நோயா?

நான் அதைத் தமிழில் கேட்டேன். பால்காரர் கறப்பதை நிறுத்தவில்லை. காம்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"நோவு இல்ல. பசி தான்."

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். மதர் கையை உயர்த்தித் தடுத்தார். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். பசி என்பதுதான் எங்கள் விடுதிக்கு வருகிற எந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீயும் முதலில் கற்றுக்கொள்கிற தமிழ். நாள் முழுக்கப் பிள்ளைகள் உடுப்பைப் பிடித்து இழுத்துச் சொல்வது அது ஒன்றைத்தானே. மேலே சொல்லச் சொல் என்று அவர் தலையாலேயே காட்டினார்.

பால்காரர் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்கிற மாதிரி சொன்னார்.

"கோடைல புது மதரம்மா வந்தாங்க இல்ல? கொழந்தைங்களுக்கு இனிமே பால்ல தண்ணி ஊத்தாதீங்க, வயிறு ரொம்பக் குடுங்கன்னு சொன்னாங்களாம். ரெண்டு பங்கா கேட்டாங்க. கண்ணுக்குட்டிக்கு வுட்டா இங்க பத்தாது. அதான் அத்த அப்பால கட்டிப்போட்டுட்டு மொத்தத்தயும் இங்கயே ஊத்திட்டேன்."

இதை நான் எப்படிச் சொல்வேன். நாலைந்து நாளாக அந்த அம்மாளை எந்த வார்த்தையால் குத்தலாம் என்று தேடித் தேடி வைத்திருந்தவள் நான். கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார் மனிதர், எடுக்க முடியவில்லை. மதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வந்த வாரத்தில், காய்ச்சலில் படுக்கும் முன்னால், அவர் இந்த விடுதியில் போட்ட முதல் உத்தரவு அது. அதற்காக அவரை நாங்கள் எல்லோரும் வாழ்த்தினோம்.

அவர் அழவில்லை. கன்றைக் கீழே வைக்கவும் இல்லை. மாடு நக்கிக்கொண்டே இருந்தது, நக்குகிற வேகத்தில் அந்தக் கண் இல்லாத தலை அவர் மார்பில் முட்டி முட்டி ஆடியது. அவர் உதடு மட்டும் ஏதோ அசைந்தது. ஜெபமா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆறிப்போகிறது, கொண்டுபோ என்று மட்டும் சொன்னார்.

சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். காய்ச்சி ஆற்றினேன். அவசரத்தில் பாதி அடுப்பிலேயே கொட்டிற்று. குட்டியை மடியில் போட்டுப் பஞ்சுத் திரியை உதட்டில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பால் வாயோரமாக வழிந்தது. மறுபடி வைத்தேன். உதடு அசைந்தது. பிறகு பிடித்துக்கொண்டு சப்பியது, நான் நனைத்துக் கொடுக்கிற வேகம் போதாமல் சப்பியது. கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை. நான் திரியை எடுத்தேன். இத்தனை நாளாகச் சத்தமே இல்லாமல் கிடந்த குழந்தை முகத்தைச் சுளித்து, கையைக் காலை உதைத்து, தோட்டம் வரை கேட்கும்படி, இன்னும் வேண்டும் என்று வீறிட்டு அழுதது.